பத்து மீட்டர் உப்பைத் தடுக்க ஒரு ஜாண் நல்ல தண்ணீர்

கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டு உறைக்கிணறு இருபத்தைந்து அடிதான். கடல் நடந்து போகிற தூரம். ஆனாலும் தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறது. பக்கத்து அடுக்குமாடியில் நூற்றைம்பது அடிக்கு போர் போட்டார்கள், வாயில் வைக்க முடியவில்லை. ஆழமாகப் போனால்தான் நல்ல தண்ணீர் என்பார்களே, இங்கே ஏன் தலைகீழாக இருக்கிறது?”

கடலோரத்தில் இப்படித்தான் இருக்கும். திருவான்மியூரிலிருந்து தெற்கே, பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய மணல் பட்டை ஓடுகிறது. மழைநீர் அந்த மணலில் சட்டென்று இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் மணல் துகள்களுக்கு இடையில் தேங்கி, மெதுவாகக் கடலை நோக்கியும் கால்வாயை நோக்கியும் நகரும். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். அந்தத் தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் சுவாரசியம். கீழே இருப்பது கடல். உங்கள் கிணற்றுத் தண்ணீர் அதன்மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஆயிரம் கிராம். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராம். எல்லாம் இந்த இருபத்தைந்து கிராம் செய்யும் வேலை. மண்ணுக்கடியில், கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் கீழே ஒரு புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நல்ல தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் நிற்க வேண்டுமென்றால் இரு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். கடல் பக்கத்தில் 40 மீட்டர் உயரத்துக்குக் கனமான நீர் அழுத்துகிறது. 40-ஐ 1.025-ஆல் பெருக்கினால் 41. அதாவது, நல்ல தண்ணீர் 41 மீட்டர் உயரம் இருந்தால்தான் கடலோடு சரிக்குச் சரி நிற்க முடியும். கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் இருக்கிறது, மிச்சம் ஒரு மீட்டர் கடல்மட்டத்துக்கு மேலே இருந்தாக வேண்டும்.

இப்போது இதைத் திருப்பிப் படியுங்கள். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே 40 மீட்டர் ஆழம்வரை உப்பை ஒதுக்கி வைக்கும். தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி பத்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும் என்பார்கள். இங்கே வெளியே தலைகாட்டுவது நாற்பத்தொன்றில் ஒரு பங்குதான்.

சென்னைக் கடற்கரை மணல் 40 மீட்டர் ஆழம் போவதில்லை. அதற்கு முன்பே சார்னோக்கைட் என்ற கடினமான பாறை வந்துவிடும். அது நமக்கு நல்லதுதான். பாறை 20 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நீர்மட்டம் கடலைவிட 50 சென்டிமீட்டர் உயரமாக இருந்தாலே மணல் முழுவதையும் உப்பு அண்டாமல் காத்துவிடலாம். பத்து மீட்டருக்கு 25 சென்டிமீட்டர், அதாவது சுமார் ஒரு ஜாண். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய காவல் இயற்கையில் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்களின் கதையும் வேடிக்கையானது. ஆம்ஸ்டர்டாம் அருகே குடிநீர் தேடும்போது படான் கைபன் என்ற டச்சு ராணுவப் பொறியாளர் 1880-களின் இறுதியில் இதை எழுதிவைத்தார். வடகடலில் உள்ள நார்டெர்னை என்ற சிறு தீவின் கிணறுகளை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர், அவரைப் பற்றி எதுவும் தெரியாமலே 1901-இல் இதே விடைக்கு வந்தார். இன்று பாடப்புத்தகங்களில் இந்த இருவர் பெயரும்தான் இருக்கிறது. ஆனால் 1828-லேயே அமெரிக்க ராணுவக் கல்லூரி ஒன்றில் பிரெஞ்சு மொழி கற்பித்துக்கொண்டிருந்த டு கொம்யூன் இதை விளக்கி எழுதியிருந்தார். மொழி ஆசிரியர் சொன்னதால் கண்டுகொள்ளவில்லை போலும்.

சரி, இரண்டு நீரும் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஏன் கலந்துவிடுவதில்லை? ஓரளவு கலக்கத்தான் செய்கிறது. எல்லைக்கோடு கத்தியால் வெட்டியதுபோல இருக்காது. கடலின் ஏற்ற இறக்கத்தோடும் பருவமழையோடும் அசைகிற ஒரு கலப்புப் பகுதி அங்கே உண்டு. ஆனால் மணலுக்குள் அலை கிடையாது, கலக்கிவிட ஆளில்லை. தவிர, நல்ல தண்ணீர் சும்மா நிற்பதில்லை. மேட்டிலிருந்து கடலை நோக்கி நகர்ந்துகொண்டே, எல்லையில் சேரும் உப்பையும் சேர்த்துக்கொண்டு கடலில் போய் விழுகிறது. கரையோரமாகக் கடல் தரையிலேயே நல்ல தண்ணீர் ஊறுவது அதனால்தான்.

ராமேசுவரம் போகும் வழியில், தங்கச்சிமடத்தில் வில்லூன்றித் தீர்த்தம் இருக்கிறது. கரையிலிருந்து சிறு பாலத்தில் நடந்து போனால், சுற்றிலும் கடல், நடுவே ஒரு கிணறு, அதில் நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க ராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது கதை. கதை அழகானது, எனக்கு அதோடு சண்டை இல்லை. நிலத்தில் பெய்த மழை மணல் வழியாகக் கடலுக்கடியில் வெளியேறும் இடத்தில் ஒரு உறையை இறக்கினால் நல்ல தண்ணீர்தான் கிடைக்கும். அதைக் கண்டுபிடித்து அங்கே கிணறு கட்டிய ஆள், பெயர் தெரியாத அந்த நீரியல் நிபுணர்தான், என் கும்பிடுக்கு உரியவர்.

என் சண்டையெல்லாம் உள்ளங்கையில் தேங்காயை நிற்கவைத்து நீரோட்டம் பார்ப்பவர்களோடுதான். கடலோர மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், தேங்காய் நின்றாலும் விழுந்தாலும் வரும். எத்தனை அடியில் நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்குத் தேங்காயிடம் பதில் இல்லை. “இன்னும் ஐம்பது அடி போங்க” என்று சொல்லி வீட்டுக்காரரை நேராக உப்பில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

ஆழமாகத் தோண்டாமல், மேலாக நின்றே கெடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் இறங்கும். மேலே பத்து சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அதே கணக்குப்படி கீழே உப்பு நான்கு மீட்டர்வரை ஏறிவரப் பார்க்கும். கிணற்றுக்கு நேர்கீழே உப்புநீர் கூம்புபோல எழும்பும். இதில் மோசமான விஷயம், அது உடனே நடக்காது. மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் ஆகும். அதுவரை தண்ணீர் நன்றாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

உப்பு வந்து சேர்ந்துவிட்டால் கொஞ்சமே போதும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் என்றால், கலவையில் லிட்டருக்கு 380 மில்லிகிராம். குடிநீரில் 250 மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். உள்ளே வந்த உப்பைத் திரும்ப வெளியேற்ற, ஒவ்வொரு மணல் இடுக்கிலிருந்தும் அதைத் தள்ள வேண்டும். நிலத்தடி நீரின் வேகத்தில் அது தலைமுறை வேலை.

வடசென்னைக்கு மேலே மீஞ்சூரில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஆரணி, கொசஸ்தலை ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் படுகை அது. விவசாயத்துக்கும் எடுத்தார்கள், நகரக் குடிநீருக்கும் எடுத்தார்கள், ஆலைகளுக்கும் எடுத்தார்கள். கடல் உள்ளே வருவதை 1960-களின் கடைசியிலேயே கவனித்துவிட்டார்கள். அப்போது சில கிலோமீட்டர்தான். பிறகு அது பத்து கிலோமீட்டரைத் தாண்டிப் போனது. சென்னைப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1987-இல் வந்தது. 2010-இல் அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. எந்தக் கடலை மண்ணுக்குள் வரவிட்டோமோ அதே கடலிலிருந்து மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கிறோம்.

ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆலைக்குக் கோடிகள் கிடைக்கும் வேகத்தில் கண்காணிப்புக் கிணறுகளுக்குக் காசு வருவதில்லை. ஒரு குழாய், அதற்குள் நீர்மட்டத்தையும் உப்பையும் அளக்கும் ஒரு கருவி, தவறாமல் குறிப்பெடுக்க ஒரு ஆள். இதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, கடலோரப் பகுதியில் ஆய்வு செய்யும் மாணவர்கள் வீடு வீடாகப் போய் மாதிரித் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கொட்டிவாக்கம் வாசகருக்கு என் யோசனை: கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள். தண்ணீர் போதாவிட்டால் தள்ளி இன்னொரு ஆழமில்லாத கிணறு போட்டு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பாமல், விட்டு விட்டு மோட்டார் போடுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழி உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த ஐப்பசிக்கு முன்னால் அதன் சேற்றை வாரிவிடுங்கள். மொட்டைமாடித் தண்ணீர் அந்த ஒரு ஜாணுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

பெரிய அளவில் செய்யவும் வழி இருக்கிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 1970-களிலிருந்தே, நன்கு சுத்திகரித்த கழிவுநீரைக் கடலோரமாக வரிசையாய்க் கிணறுகள் போட்டு உள்ளே செலுத்துகிறார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீரால் ஒரு மேடு எழும்பி, கடலைத் தடுத்து நிற்கிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை அந்த மாதிரித் தரத்துக்குச் சுத்திகரிக்கும் திறன் இருக்கிறது. கொடுங்கையூர் தண்ணீர் மணலி ஆலைகளுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கை மீஞ்சூர் மண்ணுக்குள் செலுத்திப் பார்க்கலாம் என்பது என் ஆசை. செலுத்தும் கிணறுகளின் துவாரங்கள் நுண்துகளாலும் பாக்டீரியாவாலும் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது கழுவ வேண்டும், செலவு பிடிக்கும். முதலில் நாலைந்து கிணறுகளில் சோதித்துப் பார்த்தால், எவ்வளவு அடைக்கிறது, உப்பு எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்ற இரண்டு எண்களாவது கையில் கிடைக்கும்.