எறியும் தோலில் ஒளிந்திருப்பவை: வேளாண் கழிவிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் பிரிப்பது எப்படி?

"மாதுளையில் முத்துகளைவிடத் தோலில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்கிறார்களே, குப்பைக்குப் போகும் தோலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். மாதுளைத் தோலில் பியூனிகலாஜின், வெங்காயத்தின் உலர்ந்த மேற்தோலில் குவர்செட்டின், சாறு பிழிந்த கருந்திராட்சைச் சக்கையில் ஆந்தோசயனின், ஆலிவ் எண்ணெய் ஆலையின் கழிவுநீரில் ஹைட்ராக்சிடைரோசால் எனப் பட்டியல் நீள்கிறது. புற ஊதாக் கதிர், பூஞ்சை, பூச்சி ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே தாவரம் இத்தகைய பீனால் சேர்மங்களைத் தயாரிக்கிறது. ஆகவே தாக்குதலை முதலில் சந்திக்கும் வெளிப்புறத்தில், அதாவது நாம் உரித்து எறியும் பகுதியில், அவை செறிந்திருப்பதில் வியப்பில்லை.

இவை செயல்படும் விதம் எளியது. இணையற்ற எலக்ட்ரானைக் கொண்டு பிற மூலக்கூறுகளைத் தாக்கும் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) ஒன்று எதிர்ப்படும்போது, பீனால் தன் ஹைட்ராக்சில் தொகுதியிலுள்ள ஹைட்ரஜன் அணுவை அதற்குக் கொடுத்து அதைத் தணிக்கிறது. தன்னிடம் எஞ்சும் இணையற்ற எலக்ட்ரானை பென்சீன் வளையம் முழுவதும் பரவவிட்டுவிடுவதால், பீனால் புதிய சங்கிலி வினையைத் தொடங்கிவைப்பதில்லை.

பிரித்தெடுத்தலின் முதல் எதிரி நேரம். தோல் நசுங்கியதும், செல்லுக்குள் தனித்தனியே இருந்த பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதியும் பீனால்களும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையுடன் பழுப்பேறத் தொடங்குகின்றன. எனவே கழிவைத் தாமதமின்றி உலர்த்தியோ, நொதி செயலிழக்குமாறு சிறிது நேரம் சூடேற்றியோ, அதன் பின்னரே பொடியாக்குகிறார்கள். கரைப்பானாகப் பெரும்பாலும் தண்ணீரும் எத்தனாலும் கலந்த கலவையே பயன்படுகிறது. தண்ணீர் உலர்ந்த திசுவை உப்பவைத்து வழிவிடுகிறது, எத்தனாலோ தண்ணீரில் எளிதில் கரையாத பீனால்களையும் இழுத்துக்கொள்கிறது. இரண்டில் எதைத் தனியே எடுத்தாலும் கலவை அளவுக்கு விளைச்சல் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இருந்தாலும் ஊறவைத்தல் மெதுவானது. செல்சுவரைக் கடந்து உள்ளே செல்லவும் சரக்கோடு வெளியே வரவும் கரைப்பானுக்கு மணிக்கணக்கில் ஆகலாம். இந்த இடத்தில் மீயொலி செய்யும் வேலை, இத்துறை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல். நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும் உலோகத் தண்டு ஒன்றைக் கலவைக்குள் இறக்குகிறார்கள். ஒவ்வோர் அதிர்விலும் திரவம் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுக்கப்படுகிறது. இழுபடும் கணத்தில் அழுத்தம் சரிந்து நுண்ணிய குமிழிகள் பிறக்கின்றன, சில சுழற்சிகளில் வளர்கின்றன, பிறகு அமுக்கம் தாங்காமல் சடாரென்று நொறுங்குகின்றன. நொறுங்கும் கணத்தில் குமிழிக்குள் வெப்பநிலை பல ஆயிரம் டிகிரியைத் தொட்டாலும், அது அத்தனை சிறிய இடத்தில் அத்தனை குறுகிய நேரமே நீடிப்பதால், சுற்றியுள்ள திரவம் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. திறந்த திரவத்தின் நடுவே இருக்கும் குமிழி எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கும். தோல் துணுக்கு ஒன்றின் அருகே இருக்கும் குமிழிக்கோ அந்தச் சமநிலை வாய்ப்பதில்லை. துணுக்கு இருக்கும் பக்கத்திலிருந்து திரவம் தாராளமாகப் பாய்ந்துவர வழியில்லாததால், எதிர்ப்பக்கச் சுவர் முந்திக்கொண்டு உள்ளே குழிகிறது, குழிந்த திரவம் குமிழியை ஊடுருவி, நொடிக்கு 100 மீட்டர் அளவிலான வேகத்தில் ஊசி போலத் துணுக்கின் மீது பாய்கிறது. செல்சுவர் கிழிகிறது, வாக்குவோல் என்னும் சாற்றுப்பையில் சேர்ந்திருந்த பீனால்கள் கரைப்பானுக்குள் கொட்டுகின்றன. கப்பல்களின் உந்துவிசிறிகளை அரித்த சிக்கலை ஆராய்ந்து, குமிழி நொறுங்குவதன் கணிதத்தை ராலே பிரபு 1917இல் எழுதினார். உலோகத்தையே குழிபறிக்கும் அந்த விசைக்குப் பழத்தோல் எம்மாத்திரம்!

எஞ்சியவை வழக்கமான படிகள்: வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் எத்தனாலை ஆவியாக்கி மீட்டு, பிசின் நிரப்பிய குழாய் வழியே செலுத்திச் சர்க்கரையை நீக்குகிறார்கள். தானியத் தவிட்டில் உள்ள ஃபெருலிக் அமிலத்துக்கு மட்டும் இந்த வழி போதாது. அது செல்சுவரின் சர்க்கரைச் சங்கிலியோடு எஸ்டர் பிணைப்பால் கட்டுண்டிருப்பதால், அதைக் காரத்தாலோ நொதியாலோ அறுத்தாக வேண்டும்.

கிடைத்த சாறு டிபிபிஹெச் என்னும் தனி உறுப்பின் ஊதா நிறக் கரைசலை மஞ்சளாக்குகிறதா என்று பார்ப்பது பழக்கமான சோதனை. சோதனைக் குழாயில் நிறம் மாறுவதை வைத்து "புற்றுநோயைத் தடுக்கும், முதுமையை நிறுத்தும்" என்று மாத்திரை விற்பதை அறிவியல் சாயம் பூசிய மூடநம்பிக்கை என்றே சொல்வேன். இத்தகைய குழாய்ச் சோதனை ஒன்றின் அடிப்படையில் உணவுகளுக்கு அளித்திருந்த ஓராக் என்னும் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் மதிப்புகளின் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது, அந்த எண்கள் உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்பதற்காகத்தான். எண்ணெய் சிக்கடிக்காமல் காப்பது போன்ற, நேரடியாக அளந்து பார்க்கத்தக்க பயன்களே இச்சாறுகளின் உறுதியான களம்.

ஆய்வு நிதியும் இந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. இன்னுமொரு தோலை எடுத்து அதன் மொத்தப் பீனால் அளவைக் கணக்கிடும் கட்டுரைகள் ஏற்கெனவே ஏராளம். ஈரக் கழிவு அழுகுமுன் ஆலை வாசலிலேயே அதைக் குறைந்த ஆற்றலில் உலர்த்துவது எப்படி, கரைப்பானை இழப்பின்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எப்படி என்பவற்றுக்கே விடை தேவை. தோலில் படிந்த பூச்சிக்கொல்லி எச்சங்களும் அவசரமாகக் கவனிக்கப்பட வேண்டியவை. பீனாலைக் கரைக்கும் அதே கலவை அவற்றில் பலவற்றையும் கரைத்து, சாறு கெட்டியாகும்போது அவற்றையும் சேர்த்தே செறிவாக்கிவிடும்.