டீசலை விட்ட பின் எந்த வண்டி?

செட்டிநாட்டில் டீசல் கார் வாங்கியவர்கள் கணக்குப் பார்க்காமல் வாங்கியவர்கள் அல்லர். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் கூடுதல், விலையும் குறைவு. பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி செய்யும் வேலையை டீசல் இன்ஜினில் அழுத்தமே செய்துவிடுகிறது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு இறுக்கினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். இறுக்கம் கூடினால் அதே எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். சென்னையிலிருந்து குடும்பத்தோடு நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து, முன்னோருக்கான படைப்பையோ கல்யாணத்தையோ முடித்துக்கொண்டு திரும்பும் வண்டிக்கு இதைவிடத் தோதான இன்ஜின் இருந்ததில்லை.

அதே வண்டி ஊரோடு தங்கிவிட்டால்தான் சிக்கல். வேலையிலிருந்து ஓய்வு பெற்று காரைக்குடிக்கோ பள்ளத்தூருக்கோ திரும்பியவரின் ஓட்டம் என்ன? காலையில் கொப்புடையம்மன் கோயில், பிறகு கடைவீதி, மாலையில் ஒரு துக்க வீடு. ஒவ்வொன்றும் மூன்று, நான்கு கிலோமீட்டர். பழைய டீசல் வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு இதையும் ஓட்டித் தீர்த்திருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய வண்டிக்கு அந்தத் தாராளம் இல்லை.

காரணம், புகைக்குழாயின் பாதையில் உட்கார்ந்திருக்கும் துகள் வடிகட்டி. மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்பார்கள். தேன்கூடு போல நுண்ணிய குழாய்கள் நிறைந்த பீங்கான் கட்டி அது. குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று, ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு குழாயில் நுழையும் புகை நுண்துளைச் சுவரின் வழியே பக்கத்துக் குழாய்க்குக் கசிந்துதான் வெளியேற முடியும். கரித்துகள் சுவரிலேயே தங்கிவிடும். தங்கியதை எரித்துச் சாம்பலாக்க ஏறத்தாழ 600 டிகிரி வேண்டும். ஊருக்குள் உருளும் டீசல் வண்டியின் புகையில் அந்தச் சூடு ஒருபோதும் வராது. அதனால் வண்டியின் கணினி ஒரு தந்திரம் செய்கிறது: பல வண்டிகளில், வழக்கமான பீய்ச்சலுக்குப் பின் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகிறது. அது சிலிண்டரில் எரியாமல் வெளியேறி, வழியில் உள்ள வினையூக்கியில் எரிந்து வடிகட்டியைச் சூடாக்குகிறது.

இந்தச் சுத்திகரிப்பு முடிய, வண்டி நிற்காமல் ஒரே சீராகப் பதினைந்து, இருபது நிமிடம் ஓட வேண்டும். காரைக்குடியிலிருந்து திருமயம் வரை போனால் போதும். கடைவீதியோடு நின்றால், பாதியில் சாவியைத் திருப்பி அணைப்பதாகிறது. கரி அப்படியே கிடக்கிறது. அடுத்த முறையும் இதே கதை. ஒவ்வொரு முறையும் தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கிறது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால், குறைந்திருக்க வேண்டிய ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். ஆயில் கூடியிருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரிந்த பின்னும் ஊருக்குள்ளேயே சுற்றினால், செலவு வடிகட்டியோடு நிற்காது.

ஆகவே மாற்று வண்டி தேடுகிறவர் ஷோரூமுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது தன் ஓட்டத்தை. வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, ஒரு தடவை சாவி போட்டால் எத்தனை கிலோமீட்டர் என்பதே முக்கியம்.

சாதாரண பெட்ரோல் வண்டி குறுகிய ஓட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். வாங்கும் விலையும் குறைவு. ஆனால் டீசலின் மைலேஜுக்குப் பழகியவருக்கு முதல் மாத பங்க் செலவு கசக்கும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே இருப்பதால், கலவையின் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைகிறது. சிஎன்ஜி மலிவுதான், ஆனால் 200 பார் அழுத்தத்தில் வாயுவை அடைத்த சிலிண்டர் பல வண்டிகளில் டிக்கியைத் தின்றுவிடும். பலகாரத் தூக்குகளும் சீர்ப் பாத்திரங்களும் ஏற்றிப் போகும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் சுவையான பொறியியல். அதன் பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் அட்கின்சன் சுழற்சியில் ஓடும்: காற்று நுழையும் வால்வு தாமதமாக மூடுவதால், அழுத்துவதைவிட விரிவது நீளம்; வெப்பத்தில் கூடுதல் பங்கு வேலையாகிறது. அதற்கு விலையாக இழுவை குறையும். அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது. பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராகி, சூடாக வீணாக வேண்டியதை பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆட்டு மந்தைக்கும் வேகத்தடைக்கும் நின்று நின்று போகும் நம் தெருக்களில் இது நன்றாக மிச்சம் பிடிக்கும். நான்குவழிச் சாலையில் பிரேக்கே தொடாமல் போகும்போது லாபம் சுருங்கும். ‘மைல்டு ஹைப்ரிட்’ என்று விற்பது வேறு சரக்கு. அதன் சிறிய மோட்டாரால் வண்டியைத் தனியாக நகர்த்த முடியாது.

மின்சாரக் காரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல். 18 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, யூனிட்டுக்கு 1.8 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. மின்சாரக் கார் அதே ஒரு யூனிட்டில் ஆறேழு கிலோமீட்டர் போகும். நிலக்கரி மின்நிலையத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் வீணாவதையும் சேர்த்தால் இந்த இடைவெளி வெகுவாகக் குறையும் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. மாடியில் சூரியத் தகடு இருந்தால் அந்தக் குறையும் இல்லை. தினம் 30 கிலோமீட்டருக்கு ஐந்து யூனிட். 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ஆனால் பெரிய வீடுகளின் பழைய ஒயரிங்கை நம்பாதீர்கள். மணிக்கணக்கில் பாயும் மின்னோட்டம் பழைய கம்பியைச் சுடவைக்கும். போர்டிலிருந்து தனி லைனும் ஒழுங்கான எர்த்தும் போட்டுக்கொள்வது கட்டாயம்.

நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. டீசல் இன்ஜின் சுமை கூடும்போது திறமையாக ஓடுவதால் இந்த இழப்பு ஓரளவு மறைந்துவிடும். எப்போதும் திறமையாக ஓடும் மின்மோட்டாரில் மறைய இடமில்லை. பேட்டரி முள் நேராக இறங்கும். சென்னைக்குப் போகும் வழியில் ஒரு முறையாவது நின்று சார்ஜ் செய்ய வேண்டும் என்றே திட்டமிடுங்கள். அதையும் 80 சதவீதத்தோடு நிறுத்திக் கிளம்புங்கள். பந்தியில் முதலில் வருபவர்கள் சட்டென்று உட்கார, கடைசியில் வருபவர் காலி இலை தேடி நடப்பது போல, பேட்டரிக்குள் ஓடும் லித்தியம் அயனிகளுக்குக் கடைசி 20 சதவீதத்தில் இடம் கிடைக்க நேரமாகும்.

வெயிலைப் பற்றிய பயம் நியாயமானது. சூட்டில் பேட்டரிக்குள் வேண்டாத பக்கவினைகள் வேகம் பெறும். இங்கே கைகொடுப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1997-இல் விஞ்ஞானி ஜான் குடினஃப் குழுவினர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இந்தப் பொருளை அறிமுகப்படுத்தினர். இதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரி வகையைப் போல எளிதில் தீக்குத் தீனி போடாது. எடை மட்டும் கூடுதல். பேட்டரி வேதியியல் இந்த ஊருக்கு அந்நியமும் அல்ல: அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது.

என் கணிப்பு இதுதான். ஊரிலேயே குடியிருந்து, மதுரை, திருச்சி வரை போய்வருபவருக்கு மின்சாரக் கார். ஊர் ஓட்டமும் மாதாமாதம் சென்னையும் கலந்தவருக்கு ஹைப்ரிட். வாரம் தவறாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுபவர் டீசலை விடவே வேண்டியதில்லை. பூட்டிய வீட்டில் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துபவருக்கு எதுவும் ஒத்துவராது. மின்சாரக் காரைப் பாதி சார்ஜில் நிழலில் விடலாம். ஆனால் எந்த வண்டியானாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போயிருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோலும் டேங்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு இரண்டு தடவை வருபவர் பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்திறங்கி டாக்சி பிடிப்பது இன்சூரன்ஸ் பணத்தைவிட மலிவு.