கடற்குகையின் வாசலில் இயந்திரத்தை நிறுத்துங்கள்

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகையிரதம் நுழையும்போது யன்னல்களை மூடிக்கொள்வது நமக்குச் சிறு வயதிலேயே பழகிப்போன காரியம். அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான அந்த இருட்டில், வண்டி கடந்து நெடுநேரமான பின்னும் டீசல் புகை போக வழியின்றி நிற்கும். நீருக்கடியில் மூழ்கி ஆய்வு செய்வதைத் தொழிலாகக் கொண்ட நான், விடுமுறையில் ஊர் வந்து தோட்டப் பாடசாலைகளில் கடற்குகைகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் புகையிலிருந்துதான் தொடங்குகிறேன்.

குகையின் வாசலில் வெளிச்சம் இருக்கும்வரை பாசிகள் வளரும்; சில மீற்றர் உள்ளே போனால் அவை நின்றுவிடும். அதன் பிறகு சுவரையும் கூரையையும் மூடியிருப்பவை கடற்பஞ்சுகள் எனும் துளைகள் நிறைந்த எளிய விலங்குகளும், சூரிய ஒளியை நம்பாத பவளங்களும். இருள் முழுமையாகும் இடத்தில் மெல்லிய படலங்களாக ஒட்டியிருக்கும் உயிர்களே மிச்சம். உள்ளே உணவு விளைவதில்லை. பகலில் குகைக்குள் கூட்டமாக ஒளிந்திருக்கும் நுண்ணிறால்கள் இரவில் வெளியே சென்று மேய்ந்து திரும்புகின்றன. அவற்றின் கழிவுதான் உள்ளிருப்பவற்றுக்குப் பெரும்பகுதி ஆகாரம். இவ்வளவு சொற்ப வரும்படியில் வாழ்பவை மெதுவாகத்தான் வளரும். மத்தியதரைக் கடற்குகைகளின் செம்பவளம் ஆண்டுக்கு அரை மில்லிமீற்றர்கூடப் பருப்பதில்லை. பிரான்சின் மார்சேய் நகருக்கு அருகே, கீழ்நோக்கிச் சரிந்து குளிர்ந்த நீரை ஆண்டு முழுவதும் தேக்கி வைத்திருக்கும் ஒரு குகையில், சிறு இறாலினங்களைப் பிடித்துத் தின்னும் கடற்பஞ்சு ஒன்று வாழ்வதை 1995இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதன் உறவினங்கள் பெரும்பாலும் ஆழ்கடலில் வாழ்பவை. நீர் தேங்கி நிற்பதே அந்த உயிரைக் காக்கிறது; ஆனால் வெளியிலிருந்து வரும் நஞ்சும் அதே காரணத்தால் அங்கேயே தங்கிவிடும்.

அந்த நஞ்சைக் கொண்டுவருபவை பெரும்பாலும் படகுகள். அவற்றில் பூட்டும் பழைய வகை இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) இயந்திரங்களில், ஊற்றும் பெற்றோலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரியாமலே எண்ணெயுடன் சேர்ந்து வெளியேறுகிறது. திறந்த கடலில் அலை அதைக் கலைத்துவிடும். குகைக்குள் அது நீரின் மேல் படலமாக நின்று சுவரில் படிகிறது. படகின் அடிப்பகுதியில் பூசும் செப்புக் கலந்த வர்ணம் கடற்பூச்சிகள் ஒட்டாமலிருப்பதற்காகவே தயாரிக்கப்படுவது. நீர் மாறாத இடத்தில் அது கரையும்போது பாதிக்கப்படப்போவது சுவரில் ஒட்டி வாழ்பவை என்பதை விளக்க வேண்டியதில்லை. படகைத் தள்ளும் சுழலி கிளப்பும் வண்டல் கடற்பஞ்சின் துளைகளை அடைக்கிறது. மூழ்குவோராகிய நாங்களும் விலக்கல்ல: நாங்கள் வெளிவிடும் காற்று கூரையில் குமிழ்களாகத் தேங்கினால், அங்கு ஒட்டியிருக்கும் உயிர்கள் நீரின்றிக் காய்ந்து சாகின்றன. அதனால்தான் தேவையின்றி நான் குகைக்குள் செல்வதில்லை.

முன்பு திறந்த மணற்கரைகளில் குட்டி ஈன்ற மத்தியதரைக் கடல் மங்க் சீல்கள் எனும் கடல்நாய்கள், மனிதத் தொல்லையால் குகைகளுக்குள் ஒதுங்கிவிட்டன. அங்கும் படகு நுழைந்தால் தாய் குட்டியை விட்டுவிட்டுக் கடலில் பாய்ந்துவிடக்கூடும். அதற்கப்பால் ஒதுங்க அதற்கு வேறு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1992ஆம் ஆண்டின் வாழிடச் சட்டத்தில் கடற்குகைகளைத் தனி வாழிட வகையாகச் சேர்த்தது பாராட்டத்தக்கது.

"சேர், மலையில இருக்கிற எங்களுக்கு இது எதுக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நம் மலைக்குகைகளில் கூடு கட்டி, இருட்டில் 'டிக் டிக்' என ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் வழி கண்டுபிடிக்கும் உழவாரக் குருவி இருக்கிறதல்லவா? அதே இனம் மகாராஷ்டிரக் கரைக்கு அப்பால் வெங்குர்லா பாறைத்தீவின் குகையிலும் கூடு கட்டுகிறது. அதோடு ஓகஸ்ட் விடுமுறையில் வான் பிடித்து நிலாவெளிக்குப் போய்ப் படகேறுகிறவர்களில் நம் மலையகக் குடும்பங்களும் உண்டு. ஆகவே படகோட்டியிடம் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: பாறைக்குடைவை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், வாசலுக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்த வேண்டும், உள்ளே போகவே கூடாது. எரியாத எரிபொருளை அவ்வளவாக வெளிவிடாத நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இயந்திரம் பூட்டிய படகு கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது அதிலேயே ஏறுங்கள். வாடிக்கையாளர் கேட்காதவரை படகோட்டிக்கு இயந்திரத்தை மாற்றக் காரணம் இல்லை.