ஹவுசிங் போர்டு வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களா? கதவைப் பூட்டும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்

2021 டிசம்பர் 27 அன்று வடசென்னை திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு ஹவுசிங் போர்டு பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. அதில் 24 வீடுகள். விரிசல் விடுவதைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தலா 1 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். புளியந்தோப்பு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு என்று எங்கே போனாலும் அதன்பிறகு ஒரே பேச்சுதான்: "நம்ம பிளாக்க எப்போ இடிப்பாங்க?"

இடிப்பது எப்போது என்பது பொறியாளர்கள் ஆய்வு செய்து சொல்ல வேண்டிய விஷயம். நாம் கேட்க வேண்டியது வேறு: காலி செய்யும் நாளில் நம் கையில் என்ன காகிதம் இருக்கப் போகிறது?

முதலில் எந்த ஆபீஸ் என்பதில் தெளிவு வேண்டும். நாம் எல்லோரும் வாய் நிறைய "ஹவுசிங் போர்டு" என்கிறோம். உண்மையில் வீட்டு வசதி வாரியம் தனி நிறுவனம். இந்த வீடுகள் அதனுடையவை அல்ல. இவை 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டியவை. அந்த வாரியத்துக்கு 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். தலைமை அலுவலகம் மெரினா எதிரே, காமராஜர் சாலை 5ஆம் எண். தப்பான வாரியத்துக்கு மனு எழுதி அலைபவர்களை இன்னும் பார்க்க முடிகிறது.

திட்டத்தின் பெயர் மறுகட்டுமானம். பழைய பிளாக்கை இடித்து, அதே இடத்தில் மாடி கூட்டிப் புதிதாகக் கட்டி, அங்கே இருந்தவர்களுக்கே திரும்பக் கொடுப்பது. ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்புகிறார்களே, அந்த மறுகுடியமர்வு வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிப் பயமுறுத்துகிற ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். பழைய வீடு இருநூற்றுச் சொச்சம் சதுர அடி என்றால், புதியது சுமார் 400 சதுர அடி வரும். பணத்தில் ஒரு பகுதி மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலிருந்து, வீடு ஒன்றுக்கு 1.5 லட்சம் ரூபாய். பெரும்பகுதி மாநில அரசுடையது. மீதி பயனாளியின் பங்குத் தொகை. இது பகுதிக்குப் பகுதி மாறும். எனவே பக்கத்துப் பிளாக்கில் சொன்ன தொகையை நம்பாமல், உங்கள் பிளாக்குக்கு எவ்வளவு, எத்தனை தவணை, வங்கிக் கடன் வசதி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னது கணக்கில் சேராது.

இப்போது எல்லோரும் கேட்கிற அந்த 24,000 ரூபாய். முன்பு 8,000 ரூபாயாக இருந்த தொகையை உயர்த்தி, கட்டி முடிக்கும்வரை வெளியே தங்குவதற்காக ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கொடுக்கிறார்கள். இது மொத்தத் தொகை, மாத வாடகை அல்ல. வேலை 18 மாதம் இழுத்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய். இரண்டு வருஷம் ஆனால் 1,000 ரூபாய். கொருக்குப்பேட்டையில் இந்தக் காசுக்கு ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு அறைகூடக் கிடைக்காது. அதிலும் ஒரே சமயத்தில் சில நூறு குடும்பங்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் விட்டுப்போகக் கூடாது என்று அதே நாலு தெருவில் வீடு தேடும்போது, வாடகை ஒரே வாரத்தில் ஏறிவிடும். தொகை போதாது என்பது என் கருத்து. ஆனால் போதாது என்பதற்காக வாங்காமல் விட வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்கவாவது ஆகும். அட்வான்ஸ் பற்றி ஒன்று: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்பாரா என்பது வேறு.

வாரிய வீட்டில் லீசுக்கு இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இது ரொம்ப சாதாரணம்: இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, பத்திரத் தாளில் எழுதிக்கொண்டு குடியேறுவது. இடிக்கும்போது வாரியம் பேசுவது ஒதுக்கீடு பெற்றவரோடு மட்டும்தான். 24,000 அவர் பெயருக்குப் போகும், புது வீடும் அவருக்கே. லீசுக்காரருக்கும் வாரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் லீஸ் பணம் கைக்கு வந்தாக வேண்டும். "புது வீடு வந்ததும் திரும்ப நீயே இருந்துக்கோ" என்று ஒதுக்கீட்டுக்காரர் சொன்னால், அதையும் தேதி போட்டு, இரண்டு சாட்சி வைத்து எழுதி வாங்குங்கள். அண்ணன் தம்பி மாதிரிப் பழகியவர்கள் என்பதெல்லாம் வீடு நிற்கும்வரைதான்.

கட்டிடம் இருக்கட்டும், பெரிய சிக்கல் பெயரில்தான். காசிமேட்டில் கதை எழுதுகிற பையன் ஒருவன் சொன்னான்: அவன் கதையில் பாலைவனத்தின் நடுவே ஒரு நகரம்; கொடுங்கோல் மன்னன் வீழ்ந்த இரவில் அரண்மனையோடு வீட்டுப் பதிவேடும் எரிந்துபோகிறது. மறுநாளிலிருந்து எந்த வீடு யாருடையது என்பதிலேயே மன்னன் காலத்தைவிட அதிகச் சண்டை. விடுதலை அடைந்த ஊர் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்க முடியாமல் திண்டாடுகிறதாம். நமக்கு அந்த நிலைமை இல்லை, பதிவேடு பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதில் இருக்கிற பெயர் 40 வருஷத்துக்கு முந்தையது. தாத்தா பெயரில் ஒதுக்கீடு, அவர் போய்ச் சேர்ந்தாயிற்று, அதற்குப்பின் யாரும் பெயர் மாற்றவில்லை. அல்லது அசல் ஆள் எப்போதோ 'பவர்' எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், இப்போது இருப்பது மூன்றாவது கை.

ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அது மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, லேமினேட் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். அதில் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர், பிளாக் எண், கதவு எண். பல பிளாக்குகளில் இடையில் எண்ணை மாற்றி எழுதியிருப்பார்கள். ஆணையில் ஒன்று, கரண்ட் பில்லில் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. கணக்கெடுக்க வருகிறவர் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் பிடிப்பார். பெயருக்குரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் வேண்டும்; இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு மாற்ற மற்றவர்களின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். அக்கா தங்கச்சி கையெழுத்தை இடிக்கும் நோட்டீஸ் வந்தபிறகு கேட்டால் அப்போதுதான் பங்கு ஞாபகம் வரும். இப்போதே முடித்துவிடுங்கள். தவணை கட்டிய ரசீதுகள் ஒன்றிரண்டு கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். வாரியத்தில் பாக்கி இருக்கிறதா என்று கேட்டுத் தீர்த்துவிட்டால் நல்லது.

ஒரே வீட்டில் நடுவே பலகை அடித்து மூன்று மகன்களும் மூன்று அடுப்பு வைத்திருப்பார்கள். மூன்று ரேஷன் கார்டுகூட இருக்கும். கணக்கு கார்டை வைத்து இல்லை, வீட்டை வைத்து. ஒரு பழைய வீட்டுக்கு ஒரு புது வீடு. மற்ற இரண்டு மகன்களும் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். அப்படி விண்ணப்பிக்கும்போது குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நாட்டில் வேறெங்கும் சொந்தமாகப் பக்கா (நிரந்தரக் கட்டுமான) வீடு இருக்கக் கூடாது. மத்திய அரசுப் பணம் வருகிற வீடுகள் குடும்பத்தலைவி பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோதான் பெரும்பாலும் வரும். இது நல்ல ஏற்பாடு. மூன்றாவது கைக்கு வீடு போவது கொஞ்சம் குறையும்.

வெளியே இருக்கிற காலத்தில் மறந்துபோகிற சில்லறை வேலைகள்: மின் இணைப்புக்குக் கடைசி பில் கட்டி, முறையாக எழுதிக் கொடுத்துத் துண்டித்து, அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஆள் வரும்போது அங்கே பிளாக்கே இருக்காது, வெறும் மண்மேடுதான். வேறு தெருவுக்குப் போனால் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றுங்கள். இல்லையேல் பெயர் நீக்கப்பட்டுவிடும். கூடவே வீட்டுக் கதவில் பெயின்ட்டில் எழுதிய எண் தெரிகிற மாதிரி, குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை என்றாலும் கணக்கெடுப்பில் தகராறு வந்தால் உதவும்.

திரும்பி வரும்போது எந்த மாடி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். மாற்றுத்திறனாளியோ, படியேற முடியாத ஆயாவோ வீட்டில் இருந்தால், மருத்துவச் சான்றோடு கீழ்த்தளம் கேட்டுக் குலுக்கலுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். பிறகு கேட்டால், குலுக்கலில் வாங்கியவர் வீட்டைப் பிடுங்கி உங்களுக்குக் கொடுக்க முடியாது என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

சாவி வாங்கும் நாளில் சந்தோஷத்தில் பால் காய்ச்சுவதற்கு முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்கா புதுக் குடியிருப்பில் தொட்ட இடத்தில் பூச்சு உதிர்ந்தது ஊரே பார்த்த விஷயம். ஐஐடி நிபுணர் குழுவை வைத்து ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. கழிவறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஜன்னல் கொக்கி, குழாய் மூட்டு, சுவர் மூலையில் ஈரம், எல்லாவற்றையும் போனில் தேதியோடு படம் எடுங்கள். லிஃப்ட் ஓடுவது குடியிருப்போர் சங்கத்தின் கையில்தான். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் பங்கு போடுகிறது. நாம் வசூலிக்காவிட்டால் அதுவும் வராது. ஒன்பதாவது மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலை நடக்காவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100. இல்லாவிட்டால் திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போகலாம். என் அனுபவத்தில் இதைவிட வேகமாகப் பதில் வாங்கித் தருவது தகவல் உரிமைச் சட்டம்தான். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பிவிடலாம். எங்கள் பிளாக்கின் பயனாளிப் பட்டியல் நகல், ஒப்பந்தத்தில் குறித்த முடிவுத் தேதி, பங்குத் தொகை நிர்ணயித்த ஆணையின் நகல் என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைத்ததும் மனு நகலோடு சேர்த்து பின் அடித்து வையுங்கள். மேல்முறையீடு போகும்போது முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.