எக்ஸாஸ் சூடும் புகைச் சோதனையும்: பழைய காடி வாங்கப் போகிறவர்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கம் பழைய காடி கைமாறும்போது பேச்சு விலையில் தொடங்கி டயரில் முடிந்துவிடும். குனிந்து எக்ஸாஸை, அதாவது புகைக்குழாயை, பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பெயர் மாற்றும் முன், பெயர் மாற்றத்துக்கென்றே உள்ள பி5 ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அங்கே பிரேக், அடிப்பகுதி ஆகியவற்றோடு புகையையும் சோதிப்பார்கள்.

புகைக்கான விதிகள் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பெட்ரோல் வண்டிக்குத் தனியாகவும் டீசல் வண்டிக்குத் தனியாகவும் 1996இல் விதிமுறைகள் வந்தன. எக்ஸாஸ் சத்தத்துக்கு 1987இலேயே வந்துவிட்டது. வண்டியின் அமைப்பை மாற்றுவது ஜேபிஜே பார்க்கும் விஷயம். அதற்கு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. ஆக, எக்ஸாஸை வெட்டி ஒட்டினால் ஒரு சம்மனோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கேள்வி கேட்க ஜேபிஜே, சுற்றுச்சூழல் துறை என இரண்டு துறைகள் உண்டு.

பெட்ரோல் வண்டி இந்தச் சோதனையில் தேறுவது பெரும்பாலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரால்தான். வொர்க்‌ஷாப்பில் 'கேட்' என்பார்கள். எக்ஸாஸ் குழாயின் நடுவே புடைத்துக்கொண்டு நிற்கும் பெட்டி அது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் இதன் வழியே போகும்போது கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. காலையில் எக்ஸாஸ் வாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து இன்ஜின் போச்சு என்று பதற வேண்டாம். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். குழாய் குளிர்ந்திருந்தால் அது தண்ணீராகிச் சொட்டும்.

கேட் வேலை செய்யச் சூடு வேண்டும். சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால்தான் அது விழித்துக்கொள்ளும். ஓட்டத்தில் 400 முதல் 800 டிகிரி வரை இருப்பது இயல்பு. மலையேற்றத்திலோ ஹைவேயில் அழுத்தி ஓட்டும்போதோ இன்ஜினிலிருந்து வரும் வாயு 800, 900 டிகிரியைத் தொடலாம். அதே வாயு, வண்டி சும்மா நிற்கும்போது பின்வாய்க்கு வருவதற்குள் 100 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். பின்னால் கையை நீட்டிப் பார்த்து அடியிலும் சூடு அவ்வளவுதான் என்று கணக்குப் போடுவது இதனால்தான் தப்பு.

இதில் சோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஈப்போ வரை ஓட்டிப் போனால் கேட் நன்றாகச் சூடேறியிருக்கும். ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையில் நெடுநேரம் காத்திருந்தால் அது ஆறிப்போகும். நல்ல வண்டிகூட அளவை மீறிக் காட்டலாம். முறை வருவதற்குச் சற்று முன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

கேட் பெட்டியே செக்கச்செவேல் என்று கனன்றால் அது கோளாறு. பெரும்பாலும் ஒரு பிளக்கோ காயிலோ சரியாகப் பொறி போடாமல், எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அப்படியே ஓட்டாதீர்கள். நூறு ரிங்கிட் பிளக் செலவைத் தள்ளிப்போட்டு, உள்ளே பீங்கான் உருகி அடைத்துக்கொண்டால் கேட்டையே மாற்ற வேண்டி வரும்.

அப்புறம் அந்தத் தகரம். கேட்டைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்று இருக்கும். துருப்பிடித்து ஆணி தளர்ந்தால் கடகடவென்று ஆடும். சில போமன்கள் (மெக்கானிக்குகள்) அதைப் பிடுங்கி மூலையில் வீசிவிட்டு, "சத்தம் போச்சு பாருங்கண்ணே" என்பார்கள். அந்தத் தகடு வெப்பத்தைத் தடுக்க வைத்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களில், தோட்டத்து மண் சாலையோரம் காய்ந்த சருகிலும் லாலான் புல்லிலும் வண்டியை நிறுத்துகிறோம். காய்ந்த சருகு பற்ற 300 டிகிரி போதும்; தகடு இல்லாத கேட் அதைத் தாண்டி நிற்கிறது. ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், சில்லறைச் செலவுதான்.

"கேட்டை எடுத்துட்டா காடி பறக்கும், பழையதை நானே வாங்கிக்கிறேன்" என்று யாராவது சொன்னால், அவருடைய கண் உள்ளே இருக்கும் பிளாட்டினத்தின் மேல். சாதாரண வீட்டுக் காடியில் வேகம் கூடியது தெரியக்கூடத் தெரியாது. நாற்றமும் சத்தமும் நிச்சயம் தெரியும். பெட்ரோல் மோசம், கேட் எப்படியும் கெடும் என்ற பழைய சாக்கும் இப்போது எடுபடாது. 2020 முதல் ரோன்95 பெட்ரோல் யூரோ 4எம் என்ற தூய்மைத் தரத்துக்கு வந்துவிட்டது. கேட்டைக் கெடுக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கு இருந்தது 50ஆகக் குறைந்திருக்கிறது.

எனவே முன்பணம் கொடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். கேட் இருக்க வேண்டிய இடத்தில் புது வெல்டிங்கோடு நேர்க்குழாய் ஓடினால், கேட்டை மாட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். பெயர் மாறிய பிறகு வரும் சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும்.