உடைப்பதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள்

போன செவ்வாய்க்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள். இருவருமே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பழைய வீட்டின் மாடிக் குளியலறையையும் கீழ்த்தளக் குளியலறையையும் புதுப்பிக்க ஒரு காண்ட்ராக்டரிடம் 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். ஆறே மாதத்தில் மாடிக் குளியலறைக்குக் கீழே ஹால் சுவரில் ஓதம் அடித்து, பெயின்ட் பொரிந்து விழுந்திருக்கிறது. காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு சிவில் எஞ்சினியரை அனுப்புகிறேன், மாடியைப் பார்க்கட்டும்" என்றேன்.

"அதை இடிச்சிட்டு வேற ஆள் வெச்சு புதுசாப் போட்டுட்டோம் சார். போட்டோ இருக்கு" என்றார் அந்த அம்மா.

நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வக்கீலான எனக்கு இந்த ஒரு வருடத்தில் இதே பதில் ஐந்தாவது முறை. மனம் வெறுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

போட்டோவில் என்ன தெரிகிறது? சுவரில் ஈரம் தெரிகிறது. அந்த ஈரம் ஏன் வந்தது என்பது தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே கேட்பார்: இது பழைய பைப்பில் இருந்து வந்த கசிவாக இருக்கலாமே, அந்த பைப்பை மாற்றும் வேலையை என் கட்சிக்காரரிடம் கொடுக்கவில்லையே என்று. தரைக்கு அடியில் வாட்டர்புரூஃபிங் பூசினாரா இல்லையா, தண்ணீர் வடிகால் குழிக்குப் போகும்படி வாட்டம் கொடுத்தாரா, டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெற்றிடமாகச் சத்தம் வருகிறதா, இதில் எதையும் போட்டோ சொல்லாது. வீடியோவும் சொல்லாது. சரியில்லாத வேலை போட்டோவில் பளபளவென்று நன்றாகவே இருக்கும். "மறுபடி வேலை செய்த மேஸ்திரி சாட்சி சொல்வார்" என்பார்கள். அவர் முந்தைய ஆளைக் குறை சொல்லி உங்களிடம் வேலை வாங்கியவர். அவர் சொல்லுக்கு எவ்வளவு எடை கிடைக்கும், யோசித்துப் பாருங்கள். அந்தத் தரைதான் உங்கள் சாட்சி. அதை நீங்களே உடைத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால், நான் எதை வைத்து வாதாடுவது?

அப்படியானால் ஒழுகும் வீட்டில் எத்தனை மாதம் இருப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காத்திருக்கச் சொல்லவில்லை. முதலில் காண்ட்ராக்டருக்கு வேலையில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, சரிசெய்ய 15 நாள் கொடுத்து ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்புங்கள். அதே நாட்களில் தகுதியுள்ள எஞ்சினியரை வைத்து அறிக்கை வாங்குங்கள். குறை என்ன, காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டால், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலை (வழக்கறிஞர் ஆணையர்) நியமிக்கும்படி அங்கே மனுச் செய்யலாம். சுவிட்ச் போர்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது, ஒரு நாளும் பொறுக்க முடியாது என்றால், "இந்தத் தேதியில் உடைக்கிறோம், வந்து பாருங்கள்" என்று காண்ட்ராக்டருக்கு எழுதிவிட்டு, எஞ்சினியரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உடையுங்கள்.

அக்ரிமென்ட் இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். கொட்டேஷன் வந்த வாட்ஸ்அப் செய்தி, பணம் போன ஜிபே விவரம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஆதாரம். அந்தப் பழைய போனை மட்டும் தயவுசெய்து எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் வாங்காமல் வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

போலீசுக்குப் போனால் பணம் திரும்பிவிடும் என்றும் நினைக்கிறார்கள். மோசமான வேலை வேறு, மோசடி வேறு. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது குற்ற வழக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவும் இதற்கு இடமில்லை, அது விற்பனைக்காகக் கட்டப்படும் திட்டங்களுக்கானது.

போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே நடத்தவும் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கு உள்ளே போயிருக்க வேண்டும். "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்று காண்ட்ராக்டர் இழுத்துக்கொண்டே போவதால் அந்தக் கெடு தள்ளிப்போகாது.

இனிமேல் வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. டைல்ஸ் ஒட்டும் முன் குளியலறை வடிகால் குழியை அடைத்து 24 மணி நேரமாவது தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழே ஈரம் வராவிட்டால்தான் அடுத்த தவணை. கடைசித் தவணையைக் கணிசமாக வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் முகம் சுளிக்கிற காண்ட்ராக்டர் உங்களுக்கு வேண்டாம்.

அந்தத் தம்பதி வீட்டில் கீழ்த்தளக் குளியலறை இன்னும் அப்படியே இருக்கிறது. அதையும் அதே ஆள்தான் போட்டிருக்கிறார், அங்கேயும் டைல்ஸ் தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறதாம். வெள்ளிக்கிழமை எஞ்சினியர் போகிறார். அதுவரை யாரும் உளி வைக்கக் கூடாது என்று அந்த அம்மாவிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.