மலையில் ஓடும் பழைய கார்: கூலண்ட் கசிவும் பேக்கிங் மாற்றமும்

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் "மாசம் அரை லிட்டர்தான் குறையுது, ஊத்தி ஓட்டிக்கலாம்" என்ற கணக்கு சமவெளியில் கொஞ்ச நாள் செல்லும். நீலகிரியில் செல்லாது. கசிவில் போவது தண்ணீர் மட்டுமல்ல, அழுத்தமும்தான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடான கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதே பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் அதே தண்ணீரின் கொதிநிலை 115 டிகிரியை ஒட்டி இருக்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் கூடும். ஊசித்துளை அளவு கசிவு போதும், இந்தப் பாதுகாப்பு போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற்றம். பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் கியர். பர்லியாறு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தா பக்கம் விடியற்காலை உறைபனி. அரை மணி நேரத்தில் எஞ்சின் 90 டிகிரி. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் இரண்டும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் (கேஸ்கட்) தினமும் தேய்படுகிறது. ரப்பர் ஓ-ரிங் இறுகி, தட்டையாகி, குளிரில் சுருங்கிக் கசியும், சூடேறினால் அடைத்துக்கொள்ளும். எனவே சோதனையைக் காலையில், ஆறிய எஞ்சினில் செய்யுங்கள். பிரஷர் டெஸ்டரை ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் காற்றேற்றி 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. பச்சை, சிவப்பு அல்லது வெள்ளைப் பொருக்கு காய்ந்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். வெளியே எதுவும் இல்லையென்றால் வண்டிக்குள் இருக்கும், கூலண்ட் ஓடும் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள்: கால்மிதி ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி.

ஹெட் பேக்கிங் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருப்பது) போய்விட்டதாக நினைக்க வைக்கும் இரண்டு பொய் அறிகுறிகள் இங்கே அதிகம். குளிர்காலைப் புகைபோக்கியில் வரும் வெள்ளைப் புகை, வண்டி சூடானதும் நின்றுவிட்டால் வெறும் நீராவி. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல் ஒட்டியிருப்பதும், ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடும் வண்டிகளில் ஈரம் படிவதால் வருவதே. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலண்ட் அளவும் குறையாமல் இருந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

அதிகம் கசிவது தெர்மோஸ்டாட் ஹவுசிங். எஞ்சின் முழுதாக ஆறிய பின் கூலண்டை வடித்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விட வேண்டும். அலுமினியத்தில் பள்ளம் விழும், உதிரும் தூள் பேரிங்கைத் தின்னும். ஓ-ரிங் உள்ள இடத்தில் சிலிகான் கம் தேவையே இல்லை. மேனுவல் கேட்கும் இடத்தில் 2, 3 மி.மீ. தடிமனில் ஒரே கோடு போதும். தாராளமாகப் பூசினால் உள்ளே பிதுங்கியது ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். தெர்மோஸ்டாட்டில் காற்று வெளியேற சிறு ஆணித்துளை இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும். 6 மி.மீ. போல்ட்டுக்கு பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். கைப்பலத்தில் முறுக்கினால் மரை போய்விடும்.

தண்ணீர் பம்பின் அடித்துளையில் ஒழுகினால் உள் சீல் போய்விட்டது. பேக்கிங் மாற்றிப் பயனில்லை, பம்பையே மாற்றுங்கள். டைமிங் பெல்ட் ஓட்டும் பம்ப் என்றால் பெல்ட்டையும் அப்போதே.

ஹெட் பேக்கிங் பெரிய வேலை. ஆறிய எஞ்சினில், வெளியிலிருந்து உள்நோக்கி போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) நீளவாட்டிலும் குறுக்கிலும் பாருங்கள், 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே மேனுவலில் உள்ள வரம்பைப் பார்த்து சமப்படுத்த லேத்துக்கு அனுப்புவதை முடிவு செய்ய வேண்டும். பிளாக்கின் போல்ட் துளைகளில் ஆயிலோ கூலண்டோ தேங்கியிருந்தால் முறுக்கும்போது பிளாக்கே வெடிக்கலாம், காற்றடித்து உலர்த்துங்கள். டிகிரி கணக்கில் முறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் முதல் முறுக்கிலேயே நீண்டுவிடும், புதிதுதான் போட வேண்டும். நடுவிலிருந்து வெளிநோக்கி, சொன்ன கட்டங்களில் இறுக்குங்கள்.

ரேடியேட்டரில் போடும் மஞ்சள்தூள், கசிவடைக்கும் பவுடர் எல்லாம் பணிமனை வரை வந்து சேர உதவலாம். பிறகு ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். ஊட்டியில் ஹீட்டர் இல்லாமல் என்ன செய்வது?

கூலண்ட் நிரப்பும்போது உள்ளே சிக்கும் காற்றை வெளியேற்ற சரிவு நமக்கு உதவும். முகப்பு மேட்டைப் பார்க்க நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்டும் சரிபாதியாக மெதுவாக ஊற்றுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சின் ஓடட்டும். ஹீட்டரில் குளிர்காற்றே வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. வடித்த கூலண்ட் இனிப்பாக இருக்கும், நாய்க்கும் மாட்டுக்கும் விஷம். ஓடையில் விடாமல் கேனில் மூடி வையுங்கள். முதல் மலையேற்றத்துக்கு மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவு பாருங்கள். சிறிது இறங்கியிருந்தால் மேல்கோடு வரை ஊற்றலாம். மூன்றாம் நாளும் இறங்கினால் பிரஷர் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.